எரிச்சேயின் மேல் ஒரு நிலையான முகில்

சிசிலித் தீவின் மேற்குக் கரையிலுள்ள த்ராபானி நகரின் உப்பளங்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும் அதே வேளையில், அவற்றுக்கு மேலே ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் இருக்கும் எரிச்சே என்னும் பழைய மலையூர் மூடுபனிக்குள் மறைந்துகிடப்பதுண்டு. பண்டைக் காலத்தில் இம்மலையுச்சியில் வீனஸ் தெய்வத்தின் கோயில் இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் நார்மானியர் அவ்விடத்தில் கோட்டை எழுப்பினர். கோயில் போய்விட்டாலும், ஊரைத் தழுவும் மூடுபனிக்கு ‘வீனஸின் முத்தம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இந்த முத்தம் எங்கிருந்தோ மிதந்து வருவதில்லை. அம்மலையின் சரிவிலேயே உருவாகிறது. கடற்காற்று மலையில் மோதி மேலேறும்போது, உயரத்தில் அழுத்தம் குறைவதால் விரிவடைகிறது. விரிவதற்குத் தன் வெப்ப ஆற்றலையே செலவிடுவதால், 100 மீட்டருக்கு ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் வீதம் குளிர்கிறது. காற்றிலுள்ள நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலையான பனிநிலையும் கூடவே இறங்குகிறது. ஆனால் 100 மீட்டருக்கு 0.2 டிகிரி அளவில்தான். ஆகவே இரண்டுக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு டிகிரி இடைவெளியும் மூடுவதற்குச் சுமார் 125 மீட்டர் ஏற வேண்டும். கரையில் வெப்பநிலை 24 டிகிரி, பனிநிலை 18 டிகிரி என்றால், 6 டிகிரி இடைவெளி மூடும் உயரம் 750 மீட்டர், அதாவது சரியாக ஊரின் வாசல்.

குளிர்ந்தால் மட்டும் போதாது. நீராவி பற்றிக்கொள்ள நுண்துகள் வேண்டும். அலைகளில் குமிழிகள் வெடிக்கும்போது தெறிக்கும் நுண்திவலைகள் உலர்ந்து உப்புத் துகள்களாகக் காற்றில் ஏறுகின்றன. கீழே பாத்திகளில் குவிக்கப்படும் உப்பும், மேலே முகிலுக்கு விதையாகும் உப்பும் ஒரே கடலுடையவை என்பது எனக்கு வீனஸ் கதையைவிடச் சுவையாகத் தோன்றுகிறது.

காற்று வீசிக்கொண்டே இருந்தும் முகில் ஏன் அடித்துச் செல்லப்படுவதில்லை? காற்று மோதும் பக்கத்தில் துளிகள் பிறக்கின்றன. மறுபக்கம் இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாவதால் அவை மீண்டும் ஆவியாகின்றன. முகிலின் வடிவம் நிற்க, அதிலுள்ள நீர் மட்டும் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கிறது.

எனவே, கேபிள் காரில் ஏறுமுன் கரையின் வெப்பநிலையையும் பனிநிலையையும் பார்த்துக்கொள்வது நல்லது. பிற்பகல் வெயிலில் இடைவெளி 8 டிகிரியாக விரிந்தால், முகிலின் அடிப்பகுதி 1,000 மீட்டருக்கு உயர்ந்துவிடும். அப்போது கோட்டை மதிலருகே நின்றால் உப்பளப் பாத்திகளும், அவற்றுக்கு அப்பால் ஏகாதித் தீவுகளும் தெரியும்.