தட்டணு குறைந்தால் டெங்குதானா?

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே குமரி மாவட்டத்துக்குக் கிடைப்பதால், காய்ச்சல் காலமும் எங்களுக்கு ஆண்டுக்கு இருமுறை வருகிறது. அப்படியொரு மழைக்காலத்தில் குலசேகரம் பக்கத்து இளைஞர் ஒருவர், ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியான தம் தந்தையை ஆறாம் நாள் காய்ச்சலோடு அழைத்து வந்தார். பரிசோதனைத் தாளில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 70,000 என்றிருந்த வரியின்மேல் விரலை வைத்து, "கவுண்ட் இறங்கியிருக்கு டாக்டர், டெங்குதான்" என்றார்.

டெங்குவில் தட்டணுக்கள் குறையும் என்று அவர் அறிந்திருந்தது சரியே. ஆனால், குறைந்திருப்பதால் டெங்கு என்ற முடிவு அதிலிருந்து பெறப்படாது. எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல், மலேரியா ஆகியவற்றிலும் அவை குறைவதுண்டு. புகை கண்டால் நெருப்பு உண்டு எனலாம். நெருப்புள்ள இடமெல்லாம் புகையும் என்றால், கரி கனலும் இஸ்திரிப் பெட்டியே அதை மறுத்துவிடும்.

தந்தைக்குக் கெண்டைக்காலைத் தொட்டாலே வலித்தது, கண்கள் சிவந்திருந்தன, வெடித்த பாதங்களோடு தேங்கிய நீரில் நடந்திருக்கிறார். எலிக்காய்ச்சல் என்றே நினைத்தேன். எனினும் சிவந்த கண்ணும் தசைவலியும் டெங்குவிலும் வருமாதலால், அது என் ஊகமேயன்றி முடிவன்று. டெங்குவுக்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது. எலிக்காய்ச்சலிலோ அதைத் தாமதித்தால் சிறுநீரகமும் நுரையீரலும் பாதிக்கப்படலாம். ஆகவே டாக்சிசைக்ளினைத் தொடங்கிவிட்டு, இரண்டு நோய்களுக்கும் ரத்தம் அனுப்பினேன்.

பரிசோதனையிலும் இதே வழுக்கல் உண்டு. டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 சோதனை, காய்ச்சலின் முதல் சில நாட்களில்தான் நன்றாகக் காட்டும். ஆறாம் நாளில் அது 'நெகட்டிவ்' என்பதை மட்டும் வைத்து டெங்கு இல்லை என்றுவிட முடியாது, டெங்குவை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளான ஐ.ஜி.எம்.மும் பார்க்க வேண்டும்.

நான் மிகவும் அஞ்சுவது, "காய்ச்சல் விட்டுவிட்டது, இனிப் பயமில்லை" என்ற முடிவைத்தான். டெங்குவில் காய்ச்சல் தணியும் வேளையை ஒட்டிய 24 முதல் 48 மணி நேரத்தில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து சிலர் ரத்த ஓட்டம் குன்றும் அதிர்ச்சி நிலைக்கு (ஷாக்) போகிறார்கள். உடம்பு சுடாவிட்டாலும் கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். அந்தக் கட்டம் கடந்ததும் தட்டணுக்கள் தாமாகவே ஏறும். அன்று குடித்த பப்பாளி இலைச் சாறுதான் பெயரைத் தட்டிச் செல்கிறது.

எலிக்காய்ச்சல் உறுதியென்று முடிவு வந்தபோது மகன் கேட்டார்: "அப்போ டெங்கு இல்லைதானே?" ஒருவருக்கே இரண்டும் ஒருசேர வருவதுண்டு. டெங்கு முடிவுகளும் கைக்கு வந்த பிறகே "இல்லை" என்றேன்.