கொள்ளிவாய்ப் பிசாசு ஏன் ஷாக் அடிக்கிறது?

போன வாரம் டியூஷன் முடிந்ததும் படிவம் நான்கு மாணவன் ஒருவன் என் மேசைமேல் இருபது முகப் பகடை ஒன்றை வைத்தான். "சார், சனிக்கிழமை எங்க நாலு பேரையும் ஒரு லைட்டு கொன்னுடுச்சு" என்றான்.

விசாரித்ததில் விஷயம் புரிந்தது. பையன்கள் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறார்கள். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் கொண்டுவந்த ஆட்டம் அது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக நுழைவார்கள், சண்டை வந்தால் பகடை தீர்ப்புச் சொல்லும். அதில் சதுப்பு நிலத்தில் மிதந்து திரியும் ஓர் ஒளி உருண்டை உண்டு, பெயர் 'வில்-ஓ-விஸ்ப்'. நம் பாட்டிமார் அதைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்பார்கள். "அதுக்கு உடம்பே இல்ல, முழுக்க சக்திதான்" என்று கதை நடத்திய பையன் அடித்துச் சொல்லிவிட்டானாம். "அப்படி ஒரு உயிர் இருக்க முடியுமா சார்? அப்புறம், வாளி வாளியா தண்ணி ஊத்தினோம். ஏன் சாகல?"

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம்: முடியாது. செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கிராணியின், அதாவது தோட்டத்துக் கணக்கரின், புத்தகம் தெரியும். இன்று எத்தனை குலை வெட்டியது, எத்தனை லாரியில் ஏறியது என்று அதில் எழுதியிருக்கும். குலை ஒரு பொருள், புத்தகத்தில் இருக்கும் எண் பொருளல்ல. சக்தி அந்த எண்ணைப் போன்றது. வெப்பம், ஒளி, மின்சாரம் என்று பெயர் மாறும், மொத்தம் மாறாது. எண்ணை மட்டும் பிடித்து லாரியில் ஏற்ற முடியாது. சரி, ஒளியாலேயே ஓர் உடம்பு கட்டலாமே என்றால், அது விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிற சமாச்சாரம். இரண்டு டார்ச் வெளிச்சங்களைக் குறுக்கே அடித்துப் பாருங்கள், ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாமல் கடந்துவிடும். ஆகவே மிதக்கும் வெளிச்சம் எதுவானாலும் அதற்குள் பொருள் இருந்தாக வேண்டும்.

எங்கள் ஊர்க் கொள்ளிவாய்க்குள் இருக்கும் பொருள் என்ன?

நான் வளர்ந்தது மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தை பக்கம். இப்போது பெஸ்தாரி ஜெயா என்கிறார்கள். (இந்த நாட்டில் செம்பனையை வணிகத்துக்காக முதலில் நட்டது 1917இல், இங்கே பக்கத்திலிருக்கும் தென்னமரம் தோட்டத்தில். தென்னையின் பெயர் கொண்ட தோட்டத்தில் செம்பனை, அது தனிக் கதை.) லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, பின்னால் கொஞ்ச தூரத்தில் செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவுநீர்க் குளம். இருட்டிய பிறகு அந்தப் பக்கம் போனால் கொள்ளிவாய் கூட்டிக்கொண்டு போய்விடும் என்பாள் பாட்டி. அவள் பார்த்தாளா என்று கேட்டால் பதில் வராது, முதுகில்தான் ஒன்று விழும்.

ஆனால் அந்தக் குளத்தைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. பழத்தை அவித்துப் பிழிந்த பின் வரும் பழுப்புக் கழிவுநீர் அங்கே தேங்கும். அடியில் காற்றே இல்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் அதைத் தின்று வாயுவை விடும். ஒரு டன் கழிவுநீருக்குச் சுமார் 28 கன மீட்டர் வாயு கிடைக்கும். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மீத்தேன். மதியத்தில் பார்த்தால் குளம் கஞ்சி கொதிப்பது போலப் புளக் புளக்கென்று இருக்கும்.

மீத்தேன் எரியும், அதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆனால் தானாகப் பற்றிக்கொள்ள 500 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். நள்ளிரவுக் குளத்தில் தீக்குச்சி கிழித்தது யார்? இருநூறு வருடங்களுக்கும் மேலாக இதுதான் சிக்கல். பாஸ்பரஸ் கலந்த ஒரு வாயு காற்றில் தானே பற்றும் என்று சிலர் சொன்னார்கள். அது எரிந்தால் வெள்ளைப் புகை கிளம்பும். பார்த்தவர்களோ நீலமாக, புகையில்லாமல், புல்லைக்கூடக் கருக்காத வெளிச்சம் என்றார்கள். இத்தாலியில் அலெஸாண்ட்ரோ வோல்டா 1776இல் ஏரிக்கரைச் சேற்றைக் கிளறி, எழுந்த வாயுவைப் பிடித்து, மின்பொறியால் கொளுத்திக் காட்டினார். சதுப்பு வெளிச்சத்துக்கும் மின்சாரமே காரணமாகலாம் என்றார். ஆனால் அவர் நினைத்தது வானத்து மின்னலை.

மின்னல் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது என்று 2025இல் ஸ்டான்ஃபோர்டின் வேதியியலாளர் ரிச்சர்ட் ஸேரின் குழு காட்டியது. எனக்குச் சோறு தண்ணி மறந்துபோன கட்டுரை அது. தண்ணீருக்குள் மீத்தேனும் காற்றும் கலந்த நுண்குமிழிகளை விட்டு, வேகமான கேமராவில் படம் பிடித்தார்கள். குமிழிகளுக்கிடையே பளிச் பளிச்சென்று பொறிகள்!

எப்படி? குமிழியின் தோலில், அதாவது வாயுவும் நீரும் தொடும் இடத்தில், மின்னேற்றம் சேரும். குமிழி உடைந்து பெரிதும் சிறிதுமாகப் பிரியும்போது அந்த ஏற்றம் சமமாகப் பங்காவதில்லை. ஒன்றில் நேர், இன்னொன்றில் எதிர் தூக்கலாகிவிடும். இடிமேகத்துக்குள் பனித்துகள்கள் மோதி ஏற்றம் பிரிவதும் இதே குடும்பத்துச் சங்கதிதான். எதிரெதிர்க் குமிழிகள் நெருங்க நெருங்க, நடுவில் மின்புலம் இறுகிக்கொண்டே போகும். முடியைவிடக் குறுகலான இடைவெளியில் ஒரு கட்டத்தில் தாங்காமல் பொறி பாயும். பின்மதியம் வந்தால் எங்கள் ஊர்மேல் இடி இறங்குகிறதே, அதன் பேரக்குழந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பொறி குளத்தைக் கொளுத்துவதில்லை. அருகிலுள்ள மூலக்கூறுகளின் பிணைப்புகளை அறுத்துவிடுகிறது, அவ்வளவுதான். அறுந்த துண்டுகள் ஆக்சிஜனோடு சேரும்போது துள்ளும் நிலையில் பார்மால்டிஹைட் பிறக்கிறது. ஆமாம், ஆய்வகக் கண்ணாடிப் புட்டியில் தவளையை ஊறவைக்கிற அதே சாமான். துள்ளல் அடங்கும்போது அது மங்கலான நீல ஒளியை உதிர்க்கும். இப்படிச் சூடு அதிகமில்லாமல் நடக்கும் எரிதலைக் குளிர்சுடர் என்கிறார்கள்.

இப்போது பையனின் ஆட்டத்துக்கு வருவோம். அதன் விதிகளில் இந்தப் பிசாசு தொட்டால் தீக்காயம் கிடையாது. இரண்டு எட்டு முகப் பகடைகளை உருட்டி வரும் எண்ணுக்கு மின்னல் அடி. அதை மின்னலால் திருப்பி அடித்தால் ஒன்றும் ஆகாது. பெயரில் கொள்ளி வைத்து நாமெல்லாம் நெருப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, பகடை ஆட்டம் எழுதியவர்கள் மின்சாரம் என்று போட்டுவிட்டார்கள். குருட்டாம்போக்கில் பட்டதுதான், ஆனாலும் நான் கைதட்டினேன்.

இன்னொன்றும் பொருந்துகிறது. ஆட்டத்தில் அது நினைத்தால் மறைந்துவிடும். நம் விழித்திரையின் நட்டநடுவில், மங்கிய ஒளியை உணரும் கோல் செல்கள் இல்லை. மங்கலான வெளிச்சத்தை ஓரக்கண்ணால் பார்த்தால் தெரியும், நேரே திரும்பிப் பார்த்தால் காணாமல் போகும். கம்போங் குவாந்தான் ஆற்றங்கரை மின்மினிகளைப் பார்க்கப் போகும்போது ஓரத்து ஒற்றைப் பூச்சியை வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

ஸேர் குழு செய்தது ஆய்வகச் சோதனை. எங்கள் குளத்தில் யாரும் கேமரா வைக்கவில்லை. ஒருமுறை அந்தக் குளத்துப் பேயை ஓட்ட வீட்டுக்கு இவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) என்று வசூலித்து, கோழி அறுத்து, விடிய விடிய உடுக்கை அடித்தார்கள். பாட்டியும் கொடுத்தாள், அவளைக் குறை சொல்லமாட்டேன். இருட்டில் வேலை செய்யும் கேமராவும் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு முதுகலை மாணவரும் வேண்டும் என்றால் மட்டும், இதனால் ஆலைக்கு என்ன லாபம் என்று கேள்வி வருகிறது. இப்போது பல ஆலைகள் குளத்தை மூடி, வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுக்கின்றன. சூழலுக்கு அது மிக நல்லது. ஆனால் திறந்த குளங்கள் இருக்கும்போதே யாராவது பார்த்துவிட்டால் தேவலை.

தண்ணீர்க் கேள்வி பாக்கி. அதே ஆட்டத்தில் நெருப்புப் பூதத்துக்குத் தண்ணீர் ஆகாது, விதியிலேயே இருக்கிறது. கொள்ளிவாய்க்கு அப்படி ஒரு விதி இல்லை. நிஜக் குளத்திலும் வாளித் தண்ணீரை ஓங்கி வீசினால் சேறு கலங்கும், குமிழி கூடும், உள்ளேயிருந்து இன்னும் வாயு கிளம்பும். நான்கு பேரும் சேர்ந்து அதற்குச் சாப்பாடு போட்டிருக்கிறீர்கள் என்றேன். பையன் பகடையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான்.