முதல் பணமா, மேல் பணமா?

செட்டிநாட்டு வீடுகளில் பழைய பேரேடுகள் இன்னும் சில பெட்டகங்களில் கிடக்கின்றன. கடை முதலாளி சொந்தமாகப் போட்டது முதல் பணம். பங்காளி, மாமக்காரர், கோயில் என்று மற்றவர்கள் வட்டிக்கு விட்டுவைத்தது மேல் பணம். இரண்டையும் கலந்து எழுதிய கணக்கை ஐந்தொகையில், அதாவது சொத்தும் கடனும் காட்டும் இருப்புக் கணக்கில், யாரும் ஏற்க மாட்டார்கள். கடன் வாங்கிக் கம்பெனிகளை வளைத்துப் போடும் பெரிய குழுமங்களில் இன்று அந்தக் கலப்புதான் நடக்கிறது, அதுவும் சட்டத்துக்கு உட்பட்டே.

ஒரு கணக்கைப் பாருங்கள். 1,000 கோடி ரூபாய்க்கு ஒரு கம்பெனியை வாங்குகிறார்கள். கைக்காசு 250 கோடி, கடன் 750 கோடி, வட்டி 10 சதவீதம். வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் ஆண்டுக்கு 110 கோடி. வட்டி 75 கோடி போக மிச்சம் 35 கோடி. 250-க்கு 35 என்றால் 14 சதவீதம், பத்திரிகைகள் பாராட்டும். ஆனால் கடனின் தவணை ஐந்தாண்டு. ஆண்டுக்கு 150 கோடி அசல் கட்டவேண்டும், கையில் இருப்பதோ 35. ஆக, வியாபாரம் நன்றாக நடக்கும் ஆண்டிலேயே பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வேண்டும். லாபம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் வட்டிக்கே போதாது.

சரி, அந்த 250 கோடி யாருடையது? பல சமயம் மேலே இருக்கும் ஹோல்டிங் கம்பெனி, அதாவது குழுமத்தின் மற்றக் கம்பெனிகளின் பங்குகளை வைத்திருக்கும் கம்பெனி, அந்தப் பங்குகளை அடகு வைத்து வாங்கிய கடன். கீழே முதல் பணமாகத் தெரிவது மேலே மேல் பணம். 100 ரூபாய் விலையில் 5 கோடி பங்குகளை, அதாவது இரண்டு மடங்கு ஈட்டை, வைத்து 250 கோடி வாங்கியிருக்கிறார்கள் என்று வையுங்கள். விலை 70-க்கு இறங்கினால் ஈட்டின் மதிப்பு 350 கோடிதான். பழையபடி இரண்டு மடங்கு காட்ட இன்னும் சுமார் 2.14 கோடி பங்குகள் வேண்டும். கொடுக்க இல்லையென்றால் கடன் கொடுத்தவர் அடகுப் பங்குகளைச் சந்தையில் விற்பார், விலை இன்னும் விழும், கடன் கொடுத்த அடுத்தவரும் கூடுதல் ஈடு கேட்பார். கம்பெனிகள் தனித்தனி, கயிறு ஒன்று.

பட்டியலிடப்பட்ட கம்பெனி என்றால் இன்னொரு செலவும் உண்டு. 25 சதவீதப் பங்கை எட்டியதும் மேலும் 26 சதவீதத்தை வாங்கிக்கொள்வதாகப் பொதுப் பங்குதாரர்களிடம் விலை சொல்லவேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. எத்தனை பேர் விற்க வருவார்கள் என்று முன்கூட்டித் தெரியாது. பணம் தயாராக இருக்கவேண்டும்.

போட்டி ஏலத்தில் விலை எப்படி ஏறும் என்பதற்கு டாடா ஸ்டீல் வாங்கிய ஐரோப்பிய எஃகுக் கம்பெனி கோரஸ் உதாரணம். 2006 அக்டோபரில் பங்குக்கு 455 பென்ஸ் என்று தொடங்கி, பிரேசில் நிறுவனத்தோடு மல்லுக்கட்டி, 2007 ஜனவரியில் 608 பென்ஸில் முடித்தார்கள். அடுத்த ஆண்டே உலக எஃகுச் சந்தை சரிந்தது. 2013-இல் சுமார் 160 கோடி டாலர் மதிப்பைக் கணக்கிலிருந்து கழித்தார்கள். டாடா குழுமத்துக்குத் தாங்கும் தோள் இருந்தது. காற்றாலை செய்யும் சுஸ்லானுக்கு அது இல்லை. ஜெர்மனியின் காற்றாலைக் கம்பெனி ரீபவரை வாங்கியும், முதல் சில ஆண்டுகள் அங்கே வேறு பங்குதாரர்களும் இருந்ததால் அதன் ரொக்கத்தை இந்தியக் கடனுக்கு இஷ்டப்படி எடுக்க முடியவில்லை. 2012 அக்டோபரில் வெளிநாட்டுப் பத்திரக் கடனைக் கட்டத் தவறி, 2015-இல் அந்தக் கம்பெனியையே 100 கோடி யூரோவுக்கு விற்றார்கள்.

சொத்து இருக்கும், ரொக்கம் இருக்காது. நம் பக்கத்துக்கு இது புதிதா என்ன? கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், அங்கே வட்டிக்கடை நடத்திய செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930-இல் 6 சதவீதம், 1937-இல் 25 சதவீதம். ஆசைப்பட்டு வாங்கியதல்ல, நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், அடமானம் கைக்கு வந்தது. மேல் பணம் போட்டவர் காசு கேட்கிறார். கடையில் இருப்பதோ வயல்.

ஆண்டறிக்கையைப் புரட்டும்போது தலைவரின் உரையைத் தாண்டிவிடுங்கள். தாய்க் கம்பெனியின் தனிக் கணக்கில் கடன் கொஞ்சமாகவும், துணைக் கம்பெனிகளையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கில் மலையாகவும் இருந்தால், அந்தக் கடன் துணைக் கம்பெனிகளில் இருக்கிறது. எதில் என்பதற்கு அறிக்கையோடு இருக்கும் ஏஓசி-1 படிவம்: ஒவ்வொரு துணைக் கம்பெனியின் மூலதனம், பொறுப்புகள், லாபம் வரிசையாக இருக்கும். துணைக் கம்பெனிகளுக்குக் கொடுத்த உத்தரவாதம் கடன் கணக்கில் வராது. குறிப்புகளில் ‘எதிர்பாராப் பொறுப்புகள்’ (contingent liabilities) என்ற தலைப்பில் தேடுங்கள். குட்வில் என்பது கம்பெனியை வாங்கும்போது அதன் சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்த தொகை; அது நிகர மதிப்பில், அதாவது கடன் போக மிஞ்சும் சொத்தில், பாதிக்கு மேல் போனால் எனக்கு உறுத்தும். சொந்தப் பணத்துக்குக் கடன் எத்தனை மடங்கு என்பது போன்ற கடன் விகிதங்கள் முந்தைய ஆண்டைவிட 25 சதவீதத்துக்கு மேல் மாறினால் காரணம் எழுதியாகவேண்டும்; ‘கையகப்படுத்தலால்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தியிருந்தால் அது விளக்கமே அல்ல. முதலாளிகளின் பங்கு அடகு விவரம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்குச் சந்தைத் தளத்தில் வருகிறது.

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் பென்ஷன் பணத்தையும் வீடு விற்ற பணத்தையும் ‘வங்கியைவிட இரண்டு சதவீதம் கூட’ என்று கம்பெனிக் கடன் பத்திரங்களில் போடுகிறார்கள். வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. இதற்கு ஒரு ரூபாய்க்கும் இல்லை. விண்ணப்பத்தில் பத்திரம் வெளியிடுவது எந்தக் கம்பெனி என்று பாருங்கள். ஆலை வைத்திருக்கும் கம்பெனியா, அதன் பங்குகளை மட்டும் வைத்திருக்கும் ஹோல்டிங் கம்பெனியா? இரண்டாவது என்றால், ஆலையின் பணம் முதலில் ஆலைக்குக் கடன் கொடுத்தவர்களுக்குப் போகும், மிஞ்சினால் டிவிடெண்டாக மேலே ஏறும். ஆச்சி வாங்கிய பத்திரத்தின் வட்டி அந்த டிவிடெண்டிலிருந்துதான் வரவேண்டும்.