இருட்டுக் கடல்ல யார் இருக்காங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

அட்லாண்டிக் கடலோட நட்டநடுவுல, தண்ணிக்கு அடியில, வடக்கு தெற்கா கிட்டத்தட்ட 16,000 கிலோமீட்டருக்கு ஒரு மலைத்தொடர் ஓடுது. ஐஸ்லாந்து, அசோர்ஸ் தீவுங்க மாதிரி சில இடத்துலதான் அது தலையை வெளிய நீட்டுது. 2004-ல நார்வேயோட ஜி.ஓ. சார்ஸ் கப்பல் இந்த ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு மாசம் சுத்துச்சு, மார்-ஈகோன்னு திட்டத்துக்குப் பேரு, பல நாட்டு விஞ்ஞானிங்க சேர்ந்து பண்ணினது.

1,000 மீட்டருக்குக் கீழ சூரிய வெளிச்சம்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் போய்ச் சேராது. அங்க இருக்கற மீனை எப்படி எண்ணுறது?

முதல்ல சத்தம். தண்ணிக்குள்ள சத்தம் செகண்டுக்கு சுமார் 1,500 மீட்டர் போகும், அதனால 3,000 மீட்டர் ஆழத்துல பட்டுத் திரும்பி வர நாலு செகண்ட் போதும். பல மீனுங்களுக்கு வயித்துல காத்துப்பை இருக்கு, அந்தக் காத்துல பட்டா எதிரொலி பலமா வரும். சாயந்திரமானா, சத்தம் அனுப்பி எதிரொலியைப் படமாக் காட்டுற எக்கோ சவுண்டர் கருவியோட திரையில தடியா ஒரு பட்டை மெதுவா மேல ஏறுறது தெரியும், விடிஞ்சா மறுபடி இறங்கிடும், அத்தனையும் இரை தேடி மேல வந்துட்டுப் போற உயிருங்க. ஆனா ஜெல்லிமீன் மாதிரி உயிருங்களோட உடம்பு கிட்டத்தட்ட தண்ணிதான், சத்தம் அதுக்குள்ள பூந்து போயிடும், எதிரொலி ரொம்பக் கம்மி.

சரி, வலை போட்டா? என்ன மீனுன்னு கையில எடுத்தே பாக்கலாம், ஜெல்லி மட்டும் மேல வர்றதுக்குள்ள கிழிஞ்சு கூழாயிடும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச முறை இரை வச்ச கேமரா. இரையைக் கட்டி தரையில இறக்கிட்டு, முதல் மீன் எத்தனை நிமிஷத்துல வருதுன்னு பாக்கறாங்க. வாசனை நீரோட்டத்தோட போகும், மீன் அதை எதிர்த்து நீந்தி வரும், ஆக நீரோட்ட வேகமும் மீனோட வேகமும் தெரிஞ்சா வந்து சேர்ந்த நேரத்தை வச்சே அந்தப் பக்கம் எவ்ளோ மீன் இருக்கும்னு கணக்குப் போட்டுடலாம். லேட்டா வந்தா மீன் கம்மின்னு அர்த்தம், அவ்ளோதான்!

பொதுவா ஆழம் போகப் போக உயிருங்க குறையும். இங்க அப்படி இல்ல, 1,500 மீட்டருக்குக் கீழயும் மலையை ஒட்டின பகுதியிலயும் மீனுங்களோட மொத்த எடை கூடியிருந்துச்சு. காலையில கீழ இறங்கற கூட்டம் மலைச்சரிவுல வந்து மாட்டுது, அங்கயே இருக்கற மீனுங்களுக்கு அதான் சாப்பாடுன்னு ஒரு விளக்கம் சொல்றாங்க.

2010-ல ஜேம்ஸ் குக்ங்கிற பிரிட்டிஷ் கப்பல்ல இருந்து ஐசிஸ்னு ஒரு ரோபோவை சுமார் 2,700 மீட்டருக்கு இறக்கினாங்க. அங்க ஏகார்ன் புழு இருந்துச்சு, கண்ணு கிடையாது, வழவழன்னு மெல்லிசான உடம்பு, சேத்தைத் தின்னுக்கிட்டே போயி பின்னாடி கழிவை வளைஞ்சு வளைஞ்சு கோலம் போட்ட மாதிரி விட்டுட்டுப் போகுது. இளஞ்சிவப்பு, ஊதா, வெள்ளைன்னு மூணும் மூணு புது இனம். வலையில சிக்கியிருந்தா பிஞ்சு போயிருக்கும், ரோபோ மெதுவா எடுத்ததாலதான் முழுசா கிடைச்சுது.

இன்னொண்ணு. 2004-லயே 2,000 மீட்டர் ஆழத்துல சேத்துத்தரையில சின்னச் சின்ன ஓட்டைங்க, தையல் போட்ட மாதிரி நேர்வரிசையா படத்துல பதிவாச்சு, சுத்தி மண்ணு குவிஞ்சு கிடந்துச்சு, யாரோ உள்ள இருந்து தோண்டித் தள்ளின மாதிரி. 2022 ஜூலையில அமெரிக்காவோட ஓகியானோஸ் எக்ஸ்ப்ளோரர் கப்பல் அசோர்ஸுக்கு வடக்க அதே மாதிரி ஓட்டைங்களை மறுபடி பாத்துச்சு, இந்தத் தடவையும் தோண்டினது யாருன்னு கேமராவுல மாட்டல.