காலில் குத்திய முள் எந்தப் பக்கமாக மூளைக்கு ஏறுகிறது?

ராகிக் கொல்லையில் வெறுங்காலோடு நடக்கும்போது ஈரமண் பாதத்தில் படுவதும் தெரிகிறது, நெருஞ்சி முள் குத்துவதும் தெரிகிறது. இரண்டு உணர்வும் ஒரே பாதத்திலிருந்து கிளம்பினாலும், தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் தனித்தனிப் பாதையில் பிரிந்துவிடுகின்றன.

தொடுகையையும் அதிர்வையும் சுமக்கும் நரம்பிழை, வலது காலிலிருந்து வந்தால் வலது பக்கமாகவே தண்டுவடத்தின் முதுகுப்புறத்தில் ஏறுகிறது. மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தை அடைந்த பிறகுதான் அடுத்த செல்லிடம் செய்தியை ஒப்படைக்கிறது. அந்த இரண்டாவது செல்லின் இழை அங்கேயே இடது பக்கத்துக்குத் தாண்டுகிறது. பெருவிரலிலிருந்து முகுளம்வரை ஒரே செல்! உயரமானவர்களுக்கு அது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம். நம் உடம்பில் இதைவிட நீளமான செல் கிடையாது.

வலியும் சூடும் குளிர்ச்சியும் இவ்வளவு தூரம் காத்திருப்பதில்லை. தண்டுவடத்துக்குள் நுழைந்த இடத்துக்கு அருகிலேயே செல் மாறி, எதிர்ப்பக்கம் தாண்டி, அதன்பிறகே மேலே ஏறுகின்றன. ஆகவே தண்டுவடத்தின் வலது பாதி மட்டும் அறுபட்டால், அதற்குக் கீழே வலது காலில் அதிர்வு தெரியாது, இடது காலில் வலி தெரியாது. பிரவுன்-செக்கார் என்ற மருத்துவ ஆய்வாளர் 19ஆம் நூற்றாண்டில் விவரித்த நிலை இது.

வெட்டிப் பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரியும் இந்த இழைகளை எப்படிப் பிரித்தறிந்தார்கள்? 1850இல் அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் தவளையின் நாக்கு நரம்பை வெட்டி, செல்லின் உடலிலிருந்து (உட்கரு இருக்கும் பகுதியிலிருந்து) துண்டான பகுதி மட்டும் அழிவதைக் கண்டார். பிறகு இத்தாலியரான மார்க்கி, அப்படி அழியும் இழைகளின் உறையை மட்டும் கறுப்பாக்கும் சாய முறையைக் கொண்டுவந்தார். தண்டுவடத்தில் ஓரிடத்தை வெட்டி, கறுப்புப் புள்ளிகளைப் பின்தொடர்ந்து மூளைத்தண்டுவரை போக முடிந்தது.

இன்றைய வழி இன்னும் வியப்பானது. வெறிநாய்க்கடி வைரஸ் நரம்பின் நுனியில் நுழைந்து, செல்லின் உடலுக்குப் பின்னோக்கிப் போய், அங்கிருந்து அதனோடு இணைந்த முந்தைய செல்லுக்குத் தாவும். உயிரைப் பறிக்கும் அந்தக் குணத்தையே ஆய்வாளர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். பரவத் தேவையான ஒரு மரபணுவை நீக்கி, ஒரே ஒரு தாவலோடு நிற்கும் வைரஸை 2007இல் உருவாக்கினார்கள். ஒளிரும் புரதத்தையும் அதில் சேர்த்ததால், எந்தச் செல் எதனோடு பேசுகிறது என்பதை விலங்குகளின் மூளையில் நேரடியாகவே காண முடிகிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு இந்த நரம்புப் பாதைகளின் வரைபடம் நெருக்கமானது. இங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரில் பாறையிலிருந்து கரைந்த ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அத்தகைய நீரைப் பல ஆண்டுகள் குடித்தவர்களில் சிலருக்கு முதுகெலும்பின் தசைநார்கள் சுண்ணாம்பேறித் தடித்து, பெரும்பாலும் கழுத்தில், தண்டுவடத்தை நெருக்குகின்றன. கால் விறைக்கும், நடை தடுமாறும். வயதானால் இப்படித்தான் என்று வீட்டில் விட்டுவிடுவது பெரும் கேடு. நெருக்கத்தைக் காலத்தோடு கண்டுபிடித்தால் அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பிருக்கிறது.

மருத்துவர் முதலில் எடுப்பது ஓர் இசைக்கவையும் (தட்டினால் அதிரும் உலோகக் கவை) ஒரு குண்டூசியும்தான். கணுக்காலில் இசைக்கவையை வைத்து அதிர்வு தெரிகிறதா என்பார். குண்டூசியால் கீழிருந்து மேலே தொட்டுக்கொண்டே வந்து, வலி எங்கே தெரியத் தொடங்குகிறது என்று பார்ப்பார். முகத்தையும் விடமாட்டார். முகத்தின் வலிப்பாதை மூளைத்தண்டில் நுழைந்து, தாண்டாமல் அதே பக்கமாகக் கீழே இறங்குகிறது. வலது முகத்திலும் இடது உடம்பிலும் சேர்ந்தாற்போல வலி தெரியாமல் போனால், கோளாறு முதுகில் இல்லை, முகுளத்தின் வலது ஓரத்தில் இருக்கிறது. ஸ்கேன் எடுக்க வேண்டியது தலைக்கு.