‘எந்த ஏரியா?’ என்று கேட்பதற்கு முன்

வேலைக்கான விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு வரும்போது எங்கள் மையத்துப் பிள்ளைகளின் பேனா பெரும்பாலும் ஒரே கட்டத்தில்தான் நிற்கும். முகவரி. “மேடம், துரைப்பாக்கம்னு மட்டும் போட்டா போதும்ல?” என்று கேட்பார்கள். துரைப்பாக்கத்தை ஒட்டிய கண்ணகி நகரின் பெயரை எழுதினால் திரும்பக் கூப்பிட மாட்டார்கள் என்பதை 19 வயதுக்குள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்துவைத்திருக்கிறார்கள். ஆதாரைப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று ஒரு பையனிடம் சொன்னேன். “தெரியட்டும் மேடம், அதுக்குள்ள என் மூஞ்சிய ஒரு தடவ பாத்துடுவாங்கல்ல” என்றான்.

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று சென்னையின் தெற்கு ஓரத்தில் இருக்கிற மறுகுடியமர்வுப் பகுதிகளில் பதின்ம வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்கிற சமூகப் பணியாளர் நான். பையன் சரியில்லை, படிப்பில் நாட்டமில்லை, சேர்க்கை சரியில்லை என்றுதான் பெற்றோரும் ஆசிரியர்களும் அழைத்து வருவார்கள். நான் முதலில் கேட்பது, எந்த வருஷம் எந்த மாதம் இங்கே குடிவந்தீர்கள் என்பதை. அந்தத் தேதியையும் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்ட தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிக் கதை விளங்கிவிடும்.

குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கப்பட்டபோது, குடிசை இருந்த இடத்திலேயோ அதன் பக்கத்திலேயோ மாடி வீடு கட்டிக் கொடுப்பதுதான் பெரும்பாலும் நடந்தது. 2000 வாக்கில் அது மாறி, நகரத்தின் நடுவில் இருந்தவர்களை மொத்தமாக வெளியே கொண்டுபோய் வைக்கத் தொடங்கினார்கள். தரமணியில் டைடல் பார்க் திறந்த அதே 2000-இல்தான் கண்ணகி நகரிலும் குடும்பங்கள் வந்து இறங்கின. இன்று கண்ணகி நகர், எழில் நகர் இரண்டிலும் சேர்த்து 23,000-க்கும் மேல் வீடுகள். தொடக்கத்தில் கட்டியவை சுமார் 200 சதுர அடி, அதற்குள் ஐந்தாறு பேர். 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரக் குடும்பங்கள் செம்மஞ்சேரிக்கு வந்தன, 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கு வந்தார்கள். வாரியத்துக்கு 2021-இல் பெயரையும் மாற்றியாகிவிட்டது, ஆனால் இங்கே எல்லோருக்கும் அது இன்னமும் ‘போர்டு’தான்.

கல்வியாண்டு நடந்துகொண்டிருக்கும்போதே வீடுகளை இடித்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தது பல தடவை நடந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் அரையாண்டுத் தேர்வுக்குக் கொஞ்சம் முன்னால் அப்படி வந்தான். பழைய பள்ளிக்கூடத்தை விட மனசில்லை, புதிய இடத்தில் நடுவில் சேர்க்கவும் இழுத்தடித்தார்கள். ஐந்து மணிக்கு எழுந்து இரண்டு பஸ் மாறிப் போவான், அப்படியும் லேட். தொடர்ந்து லேட்டாக வந்ததால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். அவர் வீட்டு வேலை செய்பவர், வேலை இன்னமும் பழைய ஏரியாவில்தான், விடியுமுன் கிளம்பினால்தான் நேரத்துக்குப் போக முடியும், ஒரு நாள் லீவு போட்டால் ஒரு வீடு போய்விடும். அவரால் வர முடியவில்லை. பையன் இரண்டு நாள் பள்ளிக்கூட வாசல் வரை போய்த் திரும்பினான், மூன்றாம் நாள் போகவில்லை. அடுத்த மாதம் கேட்டரிங்கில் பந்தி பரிமாறப் போனான், கையில் 500 ரூபாய் வந்தது. அவன் பள்ளிப் பதிவேட்டில் இடைநிற்றலுக்கான காரணம் ‘ஆர்வமின்மை’.

இதே நகரத்தில் அடையாறிலோ அண்ணா நகரிலோ இருக்கிற ஒரு வீட்டில், 18 வயதுப் பையன் என்றால் எந்தக் காலேஜ், எந்தக் கோர்ஸ் என்பதுதான் பேச்சு. தப்பான கோர்ஸில் சேர்ந்துவிட்டாலும் மாற்றிக்கொள்ளலாம், ஒரு வருஷம் வீட்டிலிருந்து நீட் எழுதலாம், 24, 25 வயது வரை அப்பா செலவில் யோசித்துக்கொண்டிருக்கலாம். எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அந்த அவகாசம் கிடைப்பதே இல்லை. 15-இல் கூலி, 17-இல் வீட்டுச் சுமை, 20-இல் கையில் குழந்தை. ஆனால் 25 வயதிலும் நிலையான வேலையோ தன் பெயரில் வாடகை ஒப்பந்தமோ கிடையாது. சீக்கிரமே பெரியவர்கள் ஆகிவிடுகிறார்கள், பெரியவர்களுக்குக் கிடைக்க வேண்டியது மட்டும் வந்து சேருவதே இல்லை. எட்டிப் பார்த்தால் தெரியும் தூரத்தில் ஐடி கம்பெனிகள். அதற்குள் போகிறார்கள், உண்மைதான், ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, கேண்டீன், எல்லாம் காண்ட்ராக்டர் மூலம்.

பெண் பிள்ளைகளுக்கு இது வேறு மாதிரி. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானது இங்கே எத்தனை பேரைக் காலேஜுக்கு அனுப்பியது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். 2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் அப்படித்தான், பையன்களுக்கு 2024-இல் தமிழ்ப் புதல்வன் வந்தது. ஆனால் அம்மா ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்ட வீட்டில் தம்பியைக் கிளப்பி, தண்ணீர் பிடித்து, லிப்ட் ஓடாத நாளில் ஆறு மாடி குடத்தோடு ஏறிவிட்டு எட்டு மணிக்குப் பஸ் ஸ்டாப்பில் நிற்க வேண்டியதும் அந்தப் பெண்தான். முன்பின் தெரியாதவர்கள் நடுவில் மகளைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறோமே என்கிற பயத்தில் 17 வயதிலேயே கல்யாணத்தை முடித்துவிடுகிற அம்மாக்களை நான் கோபித்திருக்கிறேன். இப்போதும் தடுக்கத்தான் செய்வேன், குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடவும் செய்வேன். ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே பேசுகிறேன்.

அப்புறம் பசங்களின் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைதாப்பேட்டைக்கும் சேத்துப்பட்டுக்கும் கிளம்பிவிடுவார்கள், பழைய கிரவுண்டில் ஒரு மேட்ச், ஆடி மாதம் என்றால் பழைய அம்மன் கோயில் கூழ். யாராவது இறந்தால் பழைய ஏரியாவிலிருந்து கானா பாடுகிறவர்களைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். இங்கே வந்து வருஷங்கள் ஆன பிறகும் ஒரு பிளாக்கை இன்னமும் பழைய ஊர்ப் பெயரால்தான் சொல்கிறார்கள். காலேஜுக்குப் போனால் ரூட், அதாவது ஒரே வழித்தடத்துப் பஸ்ஸில் போகிற மாணவர் கூட்டம், ரூட்டுக்கு ஒரு தல. ரூட் சண்டையில் கத்தி எடுப்பதை நான் ஒருநாளும் நியாயப்படுத்த மாட்டேன், அதில் வாழ்க்கையைத் தொலைத்த பிள்ளைகளைத் தெரியும். ஆனால் தெருவை, பள்ளியை, கூட்டாளிகளை ஒரே நாளில் இழந்த பிள்ளைக்கு, ‘இவன் எங்க ஆளு’ என்று சொல்ல நாலு பேர் தேவைப்படுகிறார்கள். அதைப் பள்ளிக்கூடம் கொடுக்கவில்லை என்றால் பஸ்ஸின் புட்போர்டு கொடுக்கும்.

கபடி கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வாங்கிய இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். அந்த வாரம் எங்கள் மையத்தில் ஒரு பெண் விண்ணப்பத்தில் ‘கண்ணகி நகர்’ என்று முழுதாக எழுதினாள், கொஞ்சம் பெரிய எழுத்திலேயே.

சரி, தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன், இவை தெரியாததால் நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளை என்றால், டிசி வரத் தாமதம் என்பதைச் சொல்லி அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ சேர்க்க மறுக்க முடியாது, 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. 18 வயது நிறையாத பிள்ளையைப் போலீஸ் பிடித்தால் லாக்கப்பில் வைக்கக் கூடாது, பெற்றோருக்குச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். வயதுக்கு அத்தாட்சியாகப் பிறப்புச் சான்றிதழின் நகலைப் போனிலும் வைத்திருங்கள், மழைக்காலத்தில் செம்மஞ்சேரியில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறும்போது காகிதங்கள்தான் முதலில் போகும். இலவசச் சட்ட உதவிக்கு 15100. காண்ட்ராக்டில் வேலைக்குச் சேர்கிற பிள்ளை முதல் மாதமே பிஎப் எண்ணையும் ஈஎஸ்ஐ எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்ட காண்ட்ராக்டரை நாங்களே கண்டுபிடித்திருக்கிறோம்.

ஆள் எடுக்கிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். நேர்முகத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்யும்வரை பின்கோடுக்கு மேல் முகவரி எதுவும் கேட்காதீர்கள். வீடுகளைக் காலி செய்ய உத்தரவு போடுகிற அதிகாரிகளிடம் நாங்கள் ஒவ்வொரு முறையும் கேட்பது, இந்த ஆண்டும் எழுதிக் கொடுத்திருப்பது இதுதான். முழு ஆண்டுத் தேர்வு முடிந்த பிறகு இடியுங்கள், அதற்கு முன்பே புதிய இடத்தில் பள்ளிச் சேர்க்கை முகாமை நடத்தி முடியுங்கள், பொதுத்தேர்வு எழுதுகிற பிள்ளை உள்ள வீட்டை ஏப்ரல் வரை தொடாதீர்கள்.