படபடப்புக்கு எந்த வாசலில் சீட்டு எடுப்பது?

சித்தப்பாவுக்கு அது முதன்முதலாக வந்தது பாம்பன் பாலத்தின் நடுவில், பஸ்ஸில். தங்கச்சிமடத்தில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது. விரல் நுனிகள் மரத்தன. சட்டை நனையும் அளவுக்கு வேர்த்தது. பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு "நான் போயிருவேன் போலருக்கு" என்றாராம். முப்பது வருடமாக விசைப்படகு டிரைவர். கச்சான் காற்றில் கடல் கொந்தளிக்கிற நாளிலும் சுக்கானை விடாத மனிதர்.

அடுத்த ஆறு மாதத்தில் நான்கு இசிஜி, ஒரு எக்கோ. எல்லாம் சரியாக இருந்தது. "ஒண்ணுமில்லை, கேஸ் டிரபிள்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சீட்டு போடும் இடத்தில் அவர் சொன்னது ஒரே சொல்தான்: நெஞ்சு படபடப்பு. அந்தச் சொல் அவரை ஒவ்வொரு தடவையும் இதய டாக்டரின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. தூக்கம் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முதல் தடவை இசிஜி எடுத்தது சரிதான். மாரடைப்பும் இப்படியே வரலாம், தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் படபடப்பைத் தரலாம். உடம்பைப் பார்த்துவிட்டுத்தான் மனதுக்கு வர வேண்டும். தவறு "ஒண்ணுமில்லை" என்று சொன்னதில்தான்.

அவருக்கு வந்ததை பேனிக் அட்டாக் என்கிறார்கள். மூளையின் உள்ளே வாதுமைக் கொட்டை அளவில் அமிக்டலா என்றொரு பகுதி இருக்கிறது. ஆபத்து வந்தால் மணி அடிப்பது அதன் வேலை. சில சமயம் ஆபத்தே இல்லாமலும் அடித்துவிடும். அடித்ததும் அட்ரினலின் என்ற ஹார்மோன் பாயும், இதயம் வேகமெடுக்கும், மூச்சு மேலும் கீழும் வாங்கும். அப்புறம் நடப்பதைப் புரிந்துகொள்ள சின்னப்பாலத்துப் பாசி எடுக்கும் பெண்களைக் கேட்கலாம். ஆக்சிஜன் உருளை எதுவும் இல்லாமல் முங்கிக் கடல்பாசி அறுக்கிறவர்கள். தண்ணீருக்குள் ஒரு கட்டத்தில் "மேலே வா" என்று நெஞ்சு முட்டுகிறதே, அது முக்கியமாக ஆக்சிஜன் தீர்ந்ததால் வருவதல்ல, ரத்தத்தில் கரியமில வாயு ஏறியதால் வருவது. பேனிக்கில் இது தலைகீழ். தேவைக்கு மேல் மூச்சு வாங்குவதால் கரியமில வாயு மளமளவென்று வெளியேறிவிடுகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை சுற்றும். ரத்தத்தின் காரத்தன்மை கூடி விரலும் உதட்டோரமும் மரத்துப்போகும். காற்று நிறையவே உள்ளே போகிறது, ஆனால் மூச்சு கிடைக்காத மாதிரி இருக்கும். அதனால் இன்னும் வேகமாக வாங்குவோம். அந்த மரத்தலையும் தலைச்சுற்றலையும் பார்த்து "இது மாரடைப்பேதான்" என்று மூளை முடிவு கட்டும், மணி இன்னும் பலமாக அடிக்கும்.

சாதாரணமாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விட்டு இறங்கிவிடும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அடங்கிப்போவதும் இசிஜி சுத்தமாக வருவதும் இதனால்தான். ஆனால் அது விட்டுச்செல்லும் பயம் அடங்காது. சித்தப்பா பாலத்தில் ஏறுவதையே நிறுத்திவிட்டார். ஏழு மாதம் மகள் வீட்டுக்குப் போகவில்லை. ஏறாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் "பாலம்தான் ஆபத்து, தப்பித்தாய்" என்றுதான் மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது.

நம் செய்தித்தாள்களில் "மன அழுத்தம்" என்று ஒரு சொல் வருமே, அதுதான் இருப்பதிலேயே பெரிய குழப்பம். வேலை நெருக்கடிக்கும் அதே சொல், நோய்க்கும் அதே சொல். இரண்டையும் பிரித்துச் சொல்ல நம் கரையில் நல்ல உதாரணம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கட்டிக் கிடக்கும், கடன் ஏறும், பள்ளிக்கூடம் திறக்கப்போகும் கவலை வேறு. தூக்கம் கெடும், எரிச்சல் வரும். இது அழுத்தம். படகு இறங்கி, நாலு நாள் பாடு நன்றாக அமைந்தால் முகம் தெளிந்துவிடும். மனச்சோர்வு அப்படியல்ல. ஜூன் 15 வந்துவிட்டது, ஊரே கடலுக்குப் போகிறது, ஒருவர் மட்டும் பாயை விட்டு எழவில்லை. இறால் நிறையப் பட்ட நாளிலும் மகிழ்ச்சி இல்லை, பசி இல்லை, விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு "நான் இருந்தால்தான் எல்லாருக்கும் பாரம்" என்று நினைக்கிறார். இப்படி நாள் முழுவதும், தினமும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவர்கள் அதை நோய் என்று எடுத்துக்கொள்கிறார்கள். "சோம்பேறி" என்று வீட்டில் திட்டுகிறவர்கள் அந்த மூன்று மணி விழிப்பைக் கவனித்தால் போதும்.

இதற்குக் கொடுக்கும் மாத்திரையைப் பத்தாம் நாளில் நிறுத்துகிறவர்கள் ஏராளம். "சாப்பிட்டும் ஒண்ணும் கேக்கலை." ஃபுளுவாக்ஸெட்டின், எஸ்சிட்டாலோபிராம் போன்றவை மூளை நரம்புகளுக்கு இடையில் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளைச் சில மணி நேரத்திலேயே கூட்டிவிடும், ஆனால் மனம் தெளிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். செரோட்டோனின் ஏறியதற்கு ஏற்ப நரம்புகள் தம்மை மாற்றியமைத்துக்கொள்ள அவகாசம் தேவைப்படுகிறது. வயிற்றுப் புரட்டல் மாதிரியான பக்கவிளைவு முதல் வாரத்தில் வந்துவிடும், பலன் பின்னால்தான் வரும். இந்த இடைவெளியைச் சொல்லி அனுப்பாததால் வீணாகும் மாத்திரை கொஞ்சமல்ல. தூக்க மாத்திரை என்று பழக்கமாகிவிடும் அல்பிரசோலம் வேறு வகை, அதைப் பக்கத்து வீட்டில் வாங்கிப் போடக் கூடாது.

அடுத்தது, ஊரில் "காத்து கருப்பு", "செய்வினை" என்று சொல்லப்படுவது. யாரோ காதில் பேசுகிறார்கள், திட்டுகிறார்கள், சோற்றில் விஷம் வைக்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது. மருத்துவத்தில் இதன் பொதுப்பெயர் சைக்கோசிஸ். மாதக்கணக்கில் நீடிக்கும் ஒரு வகைதான் மனச்சிதைவு. நாம் மனதுக்குள் பேசும்போது "இது என் பேச்சு" என்று மூளை தனக்குத்தானே முத்திரை குத்திக்கொள்கிறது. அந்த முத்திரை விழாமல் போனால் சொந்த நினைப்பே வெளிக்குரலாகக் கேட்கும் என்பது இன்றைய விளக்கங்களில் ஒன்று. அவருக்கு அது உண்மையாகவே கேட்கிறது. "சும்மா நடிக்கிறான்" என்பதும் பொய், "அப்படியெல்லாம் ஒண்ணும் கேக்கலையே" என்று வாதாடுவதும் வீண்.

இதைத் தீர்க்க ஏர்வாடி தர்காவுக்குப் போவது இந்தக் கரையில் தலைமுறை வழக்கம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கே ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் நாடே திரும்பிப் பார்த்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. தர்காவுக்குப் போவதைத் தடுக்க வேண்டியதில்லை. அங்கேயே பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க ஏற்பாடு வந்துவிட்டது. ஓதிப் பார்ப்பதும் மாத்திரையும் ஒன்றோடொன்று சண்டை போடுவதில்லை. சைக்கோசிஸில் காலம்தான் முக்கியம். குரல் கேட்கத் தொடங்கியதற்கும் முதல் மருந்துக்கும் இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லபடி தேறுகிறார்கள்.

பேய் என்று பெயர் வாங்கும் இன்னொன்று உயிருக்கே ஆபத்து. தினமும் குடிக்கிற ஒருவர் மாலை போட்டு, ஒரே நாளில் நிறுத்துகிறார். மறுநாள் கை நடுங்கும், வலிப்புகூட வரலாம். இரண்டு மூன்று நாளில் சுவரில் பூச்சி ஊருகிறது என்பார், இல்லாத வலையை இழுப்பார், ஆளை அடையாளம் தெரியாது. மதுவின் அமுக்கத்துக்குப் பழகிய மூளை, அது நின்றதும் கட்டுக்கடங்காமல் துள்ளுகிறது. வேப்பிலை அடிக்கிற நேரம் இல்லை இது. உடனே 108. நெடுநாள் குடி என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துவதே நல்லது.

சரி, யாரிடம் போவது? மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து மேலே படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் பேச்சுவழிச் சிகிச்சையும் சோதனைகளும் செய்வார், மருந்து எழுத மாட்டார். ஆலோசகர் என்று பலகை மாட்டியிருப்பவர் என்ன படித்தார் என்று கேட்பதில் தப்பில்லை. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று அங்கேயே விசாரித்து வைத்துக்கொண்டால் வீண் அலைச்சல் மிச்சம். அரசு ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசு கிடையாது. போக முடியாதவர்களுக்கு 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி. 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டின் 104 எண்ணிலும் பேசலாம். சாகத் தோன்றுகிறது என்றால் அதையும் வெளிப்படையாகவே சொல்லலாம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன நெருக்கடியில் இருந்தவர் என்றே மேலே சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டம் கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. கூட்டிப்போக வேண்டியவர் வர மறுத்தால் வீட்டு ஆள் மட்டும் போய் நிலைமையைச் சொல்லி வழி கேட்கலாம். போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது தொடங்கியது, தூக்கம், சாப்பாடு, குடி, ஏற்கனவே போடும் மாத்திரை. உள்ளே போனதும் பாதி மறந்துவிடும்.

சித்தப்பா அப்படி ஒரு தாளோடுதான் போனார். தாளை வாங்கிப் படித்த டாக்டர் முதலில் கேட்டது தூக்கத்தைப் பற்றி. மாத்திரையோடு வீட்டுப்பாடமும் கொடுத்தார்கள். முதலில் பாலத்தின் தொடக்கம் வரை போய் நிற்பது, படபடப்பு வந்தாலும் அது தானாக இறங்கும்வரை திரும்பாமல் இருப்பது, மூச்சை மெதுவாக வெளியே விடுவது. அப்புறம் கொஞ்ச தூரம் நடப்பது. அப்புறம் பஸ். போன மாதம் பேரனுக்குப் பிறந்தநாள் என்று கூடவே நானும் போனேன். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். நடுப்பாலம் வந்ததும் இப்போதும் வருகிறதா என்று கேட்டேன்.

"வரும். பத்து நிமிஷத்துல இறங்கிரும். அதுக்குள்ள தங்கச்சிமடம் வந்துரும்ல."